கரிசல் பூமியில் வாமன மரங்கள்

வானளாவ வளரவேண்டிய விருட்சத்தை ஒரு சாண் உயரத் தொட்டிக்குள் அடக்கி, அதன் கம்பீரம் சிறிதும் குன்றாமல் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றும் வித்தை சீன தேசத்தில் பிறந்தது. ஜப்பானில் வளர்ந்து பெரும் பெயர் பெற்றது. 'போன்சாய்' என்ற ஜப்பானியச் சொல் இன்று நம்முடைய பட்டணங்களில் மட்டுமின்றிச் சிற்றூர்களிலும் பழகிவிட்டது. வாமனாவதாரக் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இவற்றை வாமன மரங்கள் என்று அழைப்பது இன்னும் பொருத்தமாகத் தோன்றுகிறது. பெயர் எதுவானால் என்ன? நமது மொட்டை மாடிகளில் அவை உயிரோடிருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம் ஆகிய கரிசல் வட்டாரத்து நேயர்கள் இந்த விஷயத்தில் படும் கஷ்டம் பெரும்பாலும் ஒரே மாதிரியானது. மலைப் பிரதேசத்துக்குப் போனவர்கள் ஆசையோடு ஒரு செடியை வாங்கி வருகிறார்கள். வரும்போது இலைகள் எண்ணெய் தடவியது போல் பளபளக்கின்றன. மூன்று மாதம் சென்றதும் கொழுந்து வெளுக்கிறது. ஆறாவது மாதத்தில் செடி முழுவதும் மஞ்சள் பூத்து நிற்கிறது. "உரம் போதவில்லை" என்று வீட்டார் தீர்மானித்து, ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டியாக உரம் போடுகிறார்கள். அடுத்த மாதம் தொட்டி காலியாகிறது.

இப்படி மாண்ட செடிகளில் பல பட்டினியால் மாண்டவை அல்ல. இலை நிறையச் சாதம் பரிமாறியிருந்தும் உண்ண முடியாத நோயாளியைப் போல அவை மாண்டன. அந்த நோயாளிக்கு மேலும் சாதம் பரிமாறுவதால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

மண்ணின் ருசி

மண்ணுக்கு ருசி உண்டு. சில மண் புளிப்பானது. சில மண் காரமானது. இதை அளப்பதற்கு 1909-ம் வருஷத்தில் ஸோரன்ஸன் என்ற டென்மார்க் தேசத்து ரஸாயன சாஸ்திரி ஓர் அளவுகோலை ஏற்படுத்தினார். அதற்குப் பி.எச். எண் என்று பெயர். ஏழு என்பது நடுநிலை. ஏழுக்குக் கீழே போகப் போகப் புளிப்பு. மேலே ஏற ஏறக் காரம். இந்த அளவுகோலில் ஒரு படி என்பது பத்து மடங்கு. இரண்டு படி என்பது நூறு மடங்கு. ஆகையால் ஆறுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் அற்பமானதென்று எண்ணிவிடக் கூடாது.

பெரும்பாலான செடிகளுக்கு ஆறிலிருந்து ஏழு வரையில் உள்ள மண் பிடிக்கும். நமது கரிசலோ ஏறக்குறைய எட்டிலும் எட்டரையிலும் நிற்கிறது. நிலத்தைத் தோண்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கற்கள் அகப்படுகின்றன அல்லவா? அவை சுண்ணாம்பே. அந்தச் சுண்ணாம்புதான் கரிசலின் காரத்துக்கு மூலகாரணம்.

இப்படிச் சொல்வதால் கரிசல் மட்டமான மண் என்று அர்த்தமல்ல. வானம் பார்த்த பூமியில், வருஷத்துக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழையைக் கொண்டு, பருத்தியும் சோளமும் கம்பும் உளுந்தும் விளைகின்றனவென்றால், பெய்த நீரை மாதக்கணக்கில் பிடித்து வைத்துக் கொள்ளும் இந்த மண்ணின் சாமர்த்தியமே அதற்குக் காரணம். 1901 முதல் கோவில்பட்டியில் இருந்து வரும் விவசாய ஆராய்ச்சி நிலையம் இந்த மண்ணையும் இதற்கேற்ற பயிர்களையும் பற்றியே தலைமுறைகளாகப் பாடுபட்டு வருகிறது. ஆனால் காட்டில் குணமாக இருப்பது தொட்டியில் குற்றமாகிவிடுகிறது. கரிசல் நனைந்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். தொட்டியில் அது சுருங்கும்போது ஓரங்களில் இடைவெளி விழுகிறது. நாம் ஊற்றும் தண்ணீர் அந்த இடைவெளி வழியே இறங்கி அடித்துவாரத்தால் வெளியேறிவிடுகிறது. நடுவில் இருக்கும் வேர் தாகத்தால் வாடுகிறது. மழைக் காலத்திலோ அதே மண் சேறாகி வேரை மூச்சுத் திணற அடிக்கிறது.

மஞ்சளிலும் இரண்டு வகை

இலை மஞ்சளானால் உடனே உரப் பையை எடுக்காமல், எந்த இலை மஞ்சளாகிறது என்று பார்க்கவேண்டும். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் நரம்போடு சேர்ந்து ஒரே சீராக வெளுத்தால், அநேகமாக அது தழைச்சத்துக் குறைவு. அதற்கு உரம் கொடுப்பது நியாயம். நுனியிலுள்ள இளம் இலைகள் வெளுத்து, நரம்புகள் மட்டும் பச்சைக் கோலம் போட்டாற்போல் தெரிந்தால், அது இரும்புச் சத்துக் குறைவு. கரிசல் வட்டாரத்துத் தொட்டிகளில் நாம் காண்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையே.

மண்ணில் இரும்பு இல்லையா? தாராளமாக இருக்கிறது. ஆனால் காரமான மண்ணில் அது துருவாக மாறி நீரில் கரையாமல் கிடக்கிறது. பி.எச். எண் ஒரு படி ஏறினால், மண் நீரில் கரைந்து நிற்கக்கூடிய இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும் என்பது ரஸாயனக் கணக்கு. சில மரங்களின் வேர்கள் தாமே சிறிது அமிலத்தைக் கசியவிட்டு அந்தத் துருவைக் கரைத்து உண்ணும் திறமை பெற்றவை. சிலவற்றுக்கு அந்தத் திறமை போதாது. ஒரே தண்ணீரையும் ஒரே உரத்தையும் பெற்ற இரண்டு தொட்டிகளில் ஒன்று செழிப்பதும் ஒன்று சோர்வதும் இதனால்தான்.

மண்ணை மாற்ற முடியாதா?

கந்தகத்தைக் கலந்தால் மண் புளிக்கும் என்று புத்தகங்கள் சொல்லுகின்றன. உண்மைதான். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் கந்தகத்தைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. தீப்பெட்டித் தொழிலால் பெயர் பெற்ற கோவில்பட்டிக்குக் கந்தகம் புதிய சரக்கும் அல்ல. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். நூறு கிராம் சுண்ணாம்பை ஈடுகட்ட முப்பத்திரண்டு கிராம் கந்தகம் தேவை. ஒரு கிலோ மண்ணில் நூற்றுக்கு ஐந்து பங்கு சுண்ணாம்பு இருந்தால் அது 50 கிராம்; அதற்குக் கந்தகம் 16 கிராம். இவ்வளவையும் கொட்டி, அது அமிலமாகும் வரையில் மாதக்கணக்கில் காத்திருந்து, அந்த அமிலத்துக்கும் உப்புக்கும் நடுவே வேரைப் பிழைக்க வைப்பதைவிட, அந்த மண்ணைத் தோட்டத்தில் கொட்டிவிட்டுச் சுண்ணாம்பில்லாத செம்மண் ஒரு கூடை கொண்டு வருவது சுலபம்.

செம்மண்ணிலும் சுண்ணாம்பு உண்டா என்று அறிய ஒரு சிறிய பரீட்சை போதும். உலர்ந்த மண்ணை ஒரு கிண்ணத்தில் இட்டு, அதன்மேல் எலுமிச்சம் பழச் சாற்றையோ காடியையோ விட்டுக் காதருகே வைத்துக் கேளுங்கள். சுறுசுறுவென்று நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. அந்த மண் வேண்டாம். ஆற்று மணலையும் இப்படியே சோதிக்கலாம். எண்ணாகத் தெரியவேண்டுமானால், ரஸாயனப் பொருள் விற்கும் கடைகளில் பி.எச். காகிதம் கிடைக்கிறது.

நமது பக்கத்துக்கு ஏற்ற கலவை இது: செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, பயறு அளவுக்கு உடைத்துச் சலித்த செங்கல் துண்டு இரண்டு பங்கு. செங்கல் புதிதாக இருக்கவேண்டும். இடித்த சுவரிலிருந்து எடுத்த கல்லில் காரை ஒட்டியிருக்கும். எந்தச் சுண்ணாம்பைத் தவிர்க்கப் பார்க்கிறோமோ அதையே நாம் கூடையில் சுமந்து வந்ததாக முடியும். புதிய சிமெண்டுத் தொட்டியும் அப்படித்தான். பல மாதம் சுண்ணாம்பைக் கசிந்துகொண்டே இருக்கும். குயவர் செய்த மண் தொட்டியே உத்தமம்.

ஜப்பானியப் புத்தகங்களைப் படிப்பவர்கள் 'அகதாமா', 'கனுமா' என்ற மண் வகைகளைப் பற்றி அறிந்திருப்பார்கள். இரண்டும் எரிமலைகள் அளித்த மண். கனுமா நல்ல புளிப்புடையது. அந்த நாட்டார் மண்ணுக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு மதிப்புக் கொடுத்தார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம். 1923-ம் வருஷத்துப் பூகம்பத்தில் டோக்கியோ நகரம் பாழானபோது, அங்கிருந்த வாமன மரத் தோட்டக்காரர்கள் பலர் நல்ல மண்ணையும் நல்ல நீரையும் தேடி வடக்கேயுள்ள ஓமியாவுக்குக் குடிபெயர்ந்து, 1925-ல் அங்கே ஒரு கிராமத்தையே உண்டாக்கினார்கள். மரத்துக்காக மனிதர்கள் ஊர் மாறினார்கள்! நாம் ஊர் மாற முடியாது. ஆகவே மரத்தைத்தான் மாற்றிக் கொள்ளவேண்டும்.

நீரே முதல் உரம்

ஆனால் மண்ணை மாற்றியதோடு காரியம் முடிந்துவிடவில்லை. இந்த வட்டாரத்துக் கிணற்று நீரும் குழாய்க் கிணற்று நீரும் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் கரைந்தவை. தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் சாட்சி. லிட்டருக்கு 300 மில்லிகிராம் சுண்ணாம்பு உள்ள நீரைத் தினம் அரை லிட்டர் வீதம் ஊற்றினால், ஒரு வருஷத்தில் தொட்டிக்குள் செல்லும் சுண்ணாம்பு சுமார் 55 கிராம். வடிந்து போவது போக மீதி அங்கேயே தங்குகிறது. நாம் வெகு சிரமப்பட்டுத் தேடி வந்த செம்மண், இரண்டு வருஷத்தில் கரிசலின் தம்பியாகிவிடுகிறது.

கயத்தாற்றின் காற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலைக் கணவாய்களின் வழியே புகுந்து வீசும் காற்று, காற்றாலைகளைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. அதே காற்று சிறு தொட்டியைச் சில மணி நேரத்தில் உலர்த்திவிடுகிறது. நீர் ஆவியாகிப் போகும். உப்பு மட்டும் போவதில்லை. ஆகவே அந்த மாதங்களில் தொட்டிகளைச் சுவரோரம் ஒதுக்கி வைப்பது நலம். தண்ணீர் ஊற்றும்போது அரைகுறையாகத் தெளிக்காமல், அடித்துவாரத்தால் வடியும் வரையில் ஊற்றவேண்டும். அப்போதுதான் உப்புக் கழுவப்படும்.

மழை நீரில் சுண்ணாம்பு இல்லை. இயற்கையாகவே சிறிது புளிப்பும் உண்டு. 700 மில்லிமீட்டர் மழை என்றால், ஒரு சதுர மீட்டர் மாடியில் விழுவது 700 லிட்டர். தினம் அரை லிட்டர் வீதம் மூன்று தொட்டிகளுக்கு வருஷம் முழுவதும் ஊற்ற இது போதும். முதல் மழையை விட்டுவிட்டு, மாடி கழுவப்பட்ட பிறகு வரும் நீரைப் பிடித்து மூடி வைக்கவேண்டும். குளிர்சாதன யந்திரம் உள்ள வீடுகளில் அதிலிருந்து சொட்டும் நீரும் சுண்ணாம்பற்றதே. இதற்கு நேர் விரோதமானது, குடிநீர் சுத்திகரிக்கும் யந்திரம் வேண்டாமென்று ஒதுக்கும் நீர். "வீணாகப் போகிறதே" என்று அதைத் தொட்டியில் ஊற்றும் சிக்கனக்காரர்கள், யந்திரம் வடிகட்டிய உப்பையெல்லாம் செடிக்குப் புகட்டுகிறார்கள். அந்த நீர் தரை கழுவத்தான் தகும்.

மரத்துக்கேற்ற உரம்

இப்போது மரங்களை மூன்று இனமாகப் பிரித்துக் கொள்வோம்.

முதல் இனம், காரத்தைப் பொறுக்கும் மரங்கள். வேம்பு, புளி, அரசு, ஆல், இச்சி, விளா, வன்னி, கருவேல், உசில், இலந்தை, மாதுளை ஆகியவை இதில் சேரும். தெற்குச் சீமையின் தேரிகளிலும் மேட்டு நிலங்களிலும் வளரும் உடை மரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? குடை விரித்தாற் போன்ற அதன் உருவத்தை இயற்கையே செதுக்கி வைத்திருக்கிறது. ஜப்பானியத் தோட்டக்காரன் கம்பி சுற்றிப் பல வருஷம் பாடுபட்டுப் பெறும் வடிவம் அது. இவற்றுக்கு மண்ணின் ருசியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. நூறு கிராம் கடலைப் பிண்ணாக்கை ஒரு லிட்டர் நீரில் மூன்று நாள் ஊறவைத்து, அதைப் பத்து மடங்கு நீரில் கலந்து மாதம் ஒரு முறை ஊற்றினால் போதும். வன்னியும் கருவேலும் உசிலும் தங்கள் வேர் முடிச்சுகளின் மூலம் காற்றிலிருந்தே தழைச்சத்தைச் சேகரிப்பவை. அவற்றுக்கு அதிலும் பாதி போதும். புளி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் இந்த வித்தையைக் கற்கவில்லை. அதற்கு முழு அளவு வேண்டும்.

இரண்டாவது இனம், நடுத்தர மரங்கள்: எலுமிச்சை, நாரத்தை, கொய்யா, காகிதப்பூ, கறிவேப்பிலை. இவை கரிசலில் உடனே சாவதில்லை. ஆனால் கொழுந்து வெளுத்துக் குறை சொல்லிக்கொண்டே இருக்கும். இவற்றுக்கு அம்மோனியம் சல்பேட் என்னும் உரம் பொருத்தமானது. மண்ணில் அது மாறும்போது அமிலம் உண்டாகிறது. ஒரு கிலோ அம்மோனியம் சல்பேட் சுமார் 1.1 கிலோ சுண்ணாம்பை ஈடுகட்டும். நம் அண்டையிலுள்ள ஆலுவாயில் 1947-ல் விறகிலிருந்து வாயு எடுத்து உற்பத்தி தொடங்கிய தொழிற்சாலை முதலில் செய்தது இந்த உரத்தைத்தான். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு கிராம் கரைத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஊற்றலாம். தூளாக மேலே தூவக் கூடாது. சுண்ணாம்பு மண்ணின் மேல் கிடந்தால் அதன் சத்து அம்மோனியா வாயுவாகி ஆகாயத்துக்குப் போய்விடும்.

இந்த இனத்துக்கு இரும்பும் தேவை. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கிடைப்பது இரும்புச் சல்பேட்டே. அதைக் கார மண்ணில் போட்டால் சீக்கிரம் துருவாகிவிடும். ஆகையால் இலைக்கே கொடுக்கவேண்டும். ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராம் எலுமிச்சை உப்பை முதலில் கரைத்து, பிறகு ஐந்து கிராம் அன்னபேதியைச் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு இளம் இலைகளில் தெளிக்கவேண்டும். பத்து நாள் இடைவிட்டு இரண்டு மூன்று முறை தெளித்தால் புதுக் கொழுந்து பச்சையாக வரும். கரைசலை அவ்வப்போது தயாரிப்பது அவசியம். குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைப்பது அதைவிட அவசியம். எலுமிச்சையின் இலைகள் சிறுத்துக் குறுகினால் துத்தநாகக் குறைவையும் சந்தேகிக்கலாம்.

மூன்றாவது இனம், புளிப்பையே விரும்பும் செடிகள்: அசேலியா, காமீலியா, கார்டீனியா, தேயிலை, ஓரளவுக்கு இட்லிப் பூ என்னும் வெட்சியும் இதில் சேரும். நீலகிரியின் மண்ணில் இவை தாமே தழைக்கின்றன. அங்கே புளிப்பு அதிகமாகி, மண்ணுக்குச் சுண்ணாம்பு போடவேண்டிய இடங்களும் உண்டு. கூனூரில் சுண்ணாம்பு மருந்து. கயத்தாற்றில் சுண்ணாம்பு விஷம். ஓரிடத்துப் புத்தகத்தை இன்னோரிடத்தில் அப்படியே பின்பற்றினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டுமா? மழை நீரைச் சேமிக்க வசதியுள்ளவர்கள் வெட்சியை வைத்துப் பார்க்கலாம். அசேலியாவையும் காமீலியாவையும் நமது வெயிலும் காற்றும் கூட ஆதரிப்பதில்லை. அவற்றை மலைக்குப் போகும்போது பார்த்து மகிழ்வதே மேல்.

எலும்புத் தூளைப் பற்றி ஒரு வார்த்தை. வாமன மரங்களுக்கு அதைப் போடும்படி பல புத்தகங்கள் சொல்லுகின்றன. எலும்பு கரைவதற்குப் புளிப்பு மண் வேண்டும்; கரிசலில் அது வருஷக்கணக்கில் எலும்பாகவே கிடக்கும். கந்தக அமிலத்தால் முன்கூட்டியே பக்குவம் செய்யப்பட்ட சூப்பர் பாஸ்பேட்டே இங்கே பலன் தரும். இந்தியாவில் அதைத் தயாரிக்கும் ஆலை 1906-லேயே நமது ராணிப்பேட்டையில் தொடங்கியது. மண் மாற்றும்போது கிலோவுக்கு இரண்டு கிராம் கலந்தால் போதும். அடுப்புச் சாம்பலும் வேண்டாம், அதுவும் காரமே.

மண்ணுக்கேற்ற மரம்

இத்தனை கிராமும் லிட்டரும் யாருக்குத் தேவைப்படுகின்றன என்று கவனித்தால், முதல் இனத்து மரங்களுக்கு மிகவும் குறைவு என்பது விளங்கும். இந்த மண்ணில் பிறந்து, இந்த நீரைக் குடித்து, இந்தக் காற்றைத் தாங்கப் பழகிய மரங்கள் அவை. 1799-ம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும் ஒரு புளிய மரத்தில்தான் என்பதை இந்த ஊர்க் குழந்தைகள் அறிவார்கள். சரித்திரத்தையும் நிழலையும் ஒருங்கே தாங்கி நிற்கும் புளி, சாலையோரத்தில் விதைக்காசு இல்லாமல் கிடைக்கிறது. அதன் சிற்றிலை தொட்டிக்கு மிகப் பொருத்தம். பட்டை இளமையிலேயே வெடித்து வயதான தோற்றம் தருகிறது. கிளையை வெட்டினாலும் விரைவில் தளிர்க்கிறது. அதை விட்டுவிட்டு, பணம் கொடுத்து வாங்கிய அயலூர்ச் செடி தினம் கண்ணெதிரே வெளுத்துச் சாவதைப் பார்ப்பதில் என்ன சுகம்?

அயல் மரம் எதுவும் கூடாதென்று நாம் சொல்லவில்லை. ஒன்று வைத்துக்கொண்டு, அதற்கு மழை நீரும் தனி மண்ணும் கொடுத்து ராஜ உபசாரம் செய்ய நேரமும் பொறுமையும் உள்ளவர்கள் தாராளமாகச் செய்யலாம். ஆனால் பத்துத் தொட்டி வைக்கும் வீட்டில் எட்டாவது நம் பக்கத்து மரமாக இருக்கட்டும்.

அக்கினி நட்சத்திர நாட்களில் எந்த மரத்துக்கும் உரம் கொடுக்க வேண்டாம். மண் மாற்றிய பிறகு ஒரு மாதமும் அப்படியே. ஐப்பசி மழை தொடங்கியவுடன் தொட்டிகளை இரண்டு மூன்று நாள் வெட்டவெளியில் வைத்து நன்றாக நனையவிடுங்கள்; வருஷம் முழுவதும் சேர்ந்த உப்பைச் செலவில்லாமல் கழுவிவிட அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. மண் மாற்றுவதற்கும் அதுவே பருவம். செம்மண்ணை இப்போதே கொண்டு வந்து, எலுமிச்சம் பழச் சாற்றால் சோதித்து, நிழலில் உலர்த்தி வைத்துக் கொள்வது நலம்.